ஃபோல்ட்ஸ்கோப்: வாங்கலாமா டீச்சர்?

ஃபோல்ட்ஸ்கோப் என்பது காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. சக ஆசிரியர்கள் போனில் கூப்பிட்டுக் கேட்பது இதைத்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் புத்தகத்தில் இருக்கும் படத்தை அப்படியே பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக என்றால் வேண்டாம். அதற்கு யூடியூப் போதும். படமும் இதைவிடப் பளிச்சென்று இருக்கும்.

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் ஏற்கெனவே ஒரு கூட்டு நுண்ணோக்கி உண்டு. கனமான சாமான். பீரோவுக்குள் இருக்கும், ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருக்கும், இருப்புச் சரிபார்க்க வரும்போது வெளியே வந்து வெயிலைப் பார்க்கும். லென்ஸ் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் எந்த டீச்சரும் அதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. நாமே ஸ்லைடு வைத்து, நாமே ஃபோகஸ் செய்து, வரிசையில் நிற்க வைப்போம். ஆளுக்கு அரை நிமிடம். "தெரிஞ்சுதா?" "தெரிஞ்சுது டீச்சர்." பாதிப் பேர் பார்த்தது தங்கள் கண்ணிமை மயிரைத்தான். ரெக்கார்டு நோட்டில் வரைவதோ புத்தகப் படத்தை.

ஃபோல்ட்ஸ்கோப் இதற்கு நேரெதிர். காகிதம்தான், ஆனால் தண்ணீரில் ஊறாத, எளிதில் கிழியாத ரகம். அட்டையில் வெட்டி வரும் பாகங்களைப் பிய்த்து, நிறத்துக்கு நிறம் பொருத்தி மடித்தால் நுண்ணோக்கி தயார். நடுவில் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கண்ணாடி உருண்டை. லென்ஸ் என்பது அவ்வளவுதான். 140 மடங்கு பெரிதாகக் காட்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கியது; ஆய்வுக் கட்டுரை 2014-இல் வந்தது. மனு பிரகாஷ் மீரட்டில் பிறந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். களப்பணிக்குப் போன ஊர்களிலெல்லாம் தூக்க முடியாத கனத்திலும், உடைந்தும், அல்லது இல்லவே இல்லாமலும் இருந்த நுண்ணோக்கிகளைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். எங்கள் பீரோவையும் வந்து பார்த்திருக்கலாம். (சோடா மூடியைத் தட்டி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து இழுத்துச் சுற்றுவோமே, அதே தத்துவத்தில் ரத்தத்தைப் பிரிக்கும் காகித எந்திரம் ஒன்றையும் இவருடைய குழு 2017-இல் செய்து காட்டியது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. அதைச் சொன்ன அன்று சாயங்காலம் ஊரில் ஒரு சோடா மூடி மிஞ்சவில்லை.)

மடிப்பதற்குப் பத்து நிமிடம் போதும் என்பார்கள். பெரியவர்களுக்குச் சரி. வகுப்பில் ஒரு பீரியட் முழுதாகப் போகும், போகட்டும். யாராவது ஒருவர் பாகத்தைத் திருப்பி வைத்துவிட்டு "எனக்கு இருட்டா இருக்கு" என்பார். பக்கத்திலிருப்பவர் சரிசெய்து கொடுப்பார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. தானே மடித்த கருவியைத் தானே பழுதுபார்க்கவும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு எதற்கும் என்னிடம் ஓடிவருவதில்லை.

உருண்டை லென்ஸைப் பார்த்ததுமே ஒரு பையன் கேட்டான்: "பெரிய கோலி வச்சா இன்னும் பெருசா தெரியுமா டீச்சர்?" நல்ல கேள்வி. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தெரியும் என்று கை தூக்கினார்கள். மறுநாள் கோலிக்குண்டு வந்தது. புத்தக எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் உறை மேல் தண்ணீர்ச் சொட்டுகளைப் பெரிதும் சிறிதுமாக வைத்துப் பார்த்தார்கள். சொட்டு சின்னதாகச் சின்னதாக எழுத்து பெரிதாகிறது. கோலியை நுண்ணோக்கியின் உருண்டை தோற்கடித்துவிடுகிறது. உருண்டை சிறுத்தால் வளைவு கூடும், குவியத் தூரம் குறையும், உருப்பெருக்கம் ஏறும். பத்தாம் வகுப்பு ஒளியியலில் நான் சூத்திரமாகப் போட்டு மல்லுக்கட்டும் விஷயம் இது. எட்டாம் வகுப்பில் கோலியை வைத்து முடிந்துவிட்டது.

முதல் வாரம் என்ன பார்ப்பார்கள் என்று நீங்கள் பட்டியல் போட வேண்டாம். வெங்காயத் தோல் நாம் சொல்வது. அவர்கள் கொண்டுவருவது வேறு: கொசுப்புழு, பட்டாம்பூச்சி இறக்கையிலிருந்து விரலில் ஒட்டிய தூள், தூளுப்பு, செம்பருத்தி மகரந்தம். இந்தக் கடைசி ஒன்றை நீங்களும் பாருங்கள், முள்முள்ளாக உருண்டை உருண்டையாக இருக்கும். அப்புறம், பேன். எந்தப் பள்ளியானாலும் பேன் வந்தே தீரும். முழுப் பேன் பார்வைக்குள் அடங்காது, கால்தான் தெரியும். முடியைப் பற்றிக்கொள்ளும் அந்தக் கொக்கியைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தாங்களே சீப்பை எடுத்ததாகக் கேள்வி. ஒரே நிபந்தனை போட்டேன்: யார் தலைப் பேன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

இனி, நான் இந்தக் காகிதத்துக்குக் காசு கொடுக்கத் தயாராக இருப்பதற்கான காரணம். பாலில் தொடங்கியது.

வீட்டில் மாடு வைத்திருக்கும் பையன் ஒருவன் கறந்த பாலைத் தண்ணீர் கலந்து ஸ்லைடில் வைத்தான். உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. சிறிது நேரம் கழித்து, "டீச்சர், இதுக்கு உயிர் இருக்கு. ஆடுது" என்றான். கூட்டம் கூடிவிட்டது. சின்னப் புள்ளிகளைப் பார்த்தால் நிஜமாகவே நடுக்கம் தெரிகிறது. "உன் கைதாம்ல ஆடுது" என்றது ஒரு குரல். நான் கேட்டது ஒன்றே ஒன்று: கை ஆடுகிறதா, புள்ளி ஆடுகிறதா, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

என் போனை ஃபோல்ட்ஸ்கோப்போடு காந்தத்தால் ஒட்டி, மேசையில் வைத்து, யாரும் தொடாமல் பார்த்தார்கள். அப்போதும் நடுக்கம் போகவில்லை. "கை ஆடினா எல்லாம் ஒண்ணுபோல ஆடணும்லா? இது ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுது" என்றாள் ஒரு பெண். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில்கூட இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. சரி, உயிர்தான் என்று பாதி வகுப்பு முடிவு கட்டியது. அப்படியானால் காய்ச்சினால் சாக வேண்டும். காய்ச்சிய பால் வந்தது. அதுவும் ஆடியது. உடனே புதுக் கட்சி கிளம்பியது: இது காய்ச்சினாலும் சாகாத பூச்சி!

இங்கேதான் டீச்சருக்கு நாக்கு துறுதுறுக்கும். கொழுப்புத் துளி, பிரௌனியன் இயக்கம், நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வருகிறது, எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நிமிட வேலை. பாடமும் முடியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "உயிரே இல்லாத ஒண்ணைப் போட்டுப் பாக்கலாமா?" என்று கடைசியில் வந்ததே ஒரு யோசனை, அதற்காகத்தான். ஓவிய டப்பாவிலிருந்து கருப்பு வாட்டர் கலரைத் தொட்டுத் தண்ணீரில் கரைத்தார்கள். கலரும் நடுங்கியது. வகுப்பு அப்படியே வாயடைத்துப் போனது.

அப்போது சொன்னேன் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் கதையை. 1827-இல் அவர் மகரந்தத்துக்குள் இருந்த துகள்கள் நடுங்குவதைப் பார்த்தார். உயிர்தான் காரணமோ என்று அவருக்கும் சந்தேகம். செத்த செடியைப் பார்த்தார், கண்ணாடியைப் பொடித்துப் பார்த்தார், கல்லைப் பொடித்துப் பார்த்தார். எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலையிலிருந்து வந்த ஒரு துணுக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாமே ஆடின. காரணத்தை ஐன்ஸ்டைன் கணக்காகப் போட்டுக் காட்ட 1905 வரை ஆனது. "அப்ப நாங்க வாட்டர் கலர் போட்டதும் அவர் கல்லைப் போட்டதும் ஒண்ணுதானா?" என்று கேட்டான் மாட்டுக்காரப் பையன். ஒன்றுதான் என்றேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க் கூழ்மம் (திரவத்தில் நுண்துகள்கள் பரவி நிற்கும் பால் போன்ற கலவை) படிக்கும்போது இவன் மனப்பாடம் செய்ய மாட்டான் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை: இது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. 140 மடங்கில் நடுக்கம் மிக நுணுக்கமாகத்தான் இருக்கும். பாலை நன்றாகத் தண்ணியாக்க வேண்டும், போனில் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், பொறுமை வேண்டும்.

இரண்டாவது மிளகுத் தண்ணீர். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக் 1676-இல் செய்தது. ஃபோல்ட்ஸ்கோப்பைப் போலவே அவருடையதும் ஒற்றை லென்ஸ்தான். மிளகு ஏன் காரமாக இருக்கிறது, நாக்கைக் குத்தும் முள் ஏதும் அதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஊற வைத்தார். சில வாரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் முழுக்கக் குட்டிக் குட்டியாக ஏதோ ஓடுகிறது. லண்டனில் இருந்த அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் லேசில் நம்பவில்லை. மறுவருடம் அந்தச் சங்கத்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தானே மிளகை ஊற வைத்து, பார்த்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஹூக்தான். கடிதத்தை வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருக்காமல் மிளகை எடுத்துத் தண்ணீரில் போட்டாரே.

எங்கள் வகுப்பில் வாய்க்கால் தண்ணீரில் மிளகைப் போட்டு ஜன்னலோரம் வைத்தோம். சில நாளில் மேலே ஆடை மாதிரி படர்ந்து நாற்றம் பிடித்துவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சரின் முகச்சுளிப்புக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்லைடில் வைத்தால், சரேல் சரேலென்று குறுக்கே பாயும் உருவங்கள். ஒரு பெண் கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "காரத்துல இது எப்படி டீச்சர் உசுரோட கெடக்கு?"

எனக்குப் பதில் தெரியாது என்று அவளிடமே சொன்னேன். கேள்வி நோட்டில் எழுதி வைத்தோம். எங்கள் வகுப்பில் அப்படி ஒரு நோட்டு உண்டு: கேள்வி இடது பக்கம், எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பது வலது பக்கம், பதிலுக்கு இடமே கிடையாது. அந்தக் கேள்விக்கு வலது பக்கம் நிரம்பி வழிந்தது. மிளகு இல்லாத வெறும் வாய்க்கால் தண்ணீர், மிளகுக்குப் பதில் வற்றல், வைக்கோல், காய்ச்சி மூடிய தண்ணீரில் மிளகு. ஜன்னலோரம் ஒரு டம்ளர் வரிசையே வந்துவிட்டது. காய்ச்சிய தண்ணீரும் கலங்கியது, ஆனால் அந்தப் பாயும் உருவங்களைக் காணோம். அப்படியானால் அவை வந்தது மிளகிலிருந்தா, வாய்க்காலிலிருந்தா? கலக்கல் எங்கிருந்து வந்தது? நுண்ணுயிர்கள் தானாக உண்டாவதில்லை, வெளியிலிருந்துதான் வருகின்றன என்று சோதித்துக் காட்டிய லூயி பாஸ்டர் பெயரை நான் சொல்லவே இல்லை. அவர் கேட்ட கேள்வியின் வாசலில் அவர்களாகவே போய் நின்றார்கள். "டீச்சருக்கு எதுக்குமே பதில் தெரியாது போல" என்று ஒருவன் வீட்டில் சொல்லி, அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து விசாரித்தது தனிக்கதை. அவர்களையும் ஒரு சொட்டைப் பார்க்க வைத்து அனுப்பினேன்.

சரி, குறைகள். எட்டாம் வகுப்பு 'நுண்ணுயிரிகள்' பாடம் ஆரம்பித்ததும் முதலில் வரும் கோரிக்கை, "தயிரில் இருக்கும் பாக்டீரியாவைக் காட்டுங்க." காட்ட முடியாது. இந்தக் கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறக்குறைய 2 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). லாக்டோபேசில்லஸின் தடிமன் 1 மைக்ரானுக்கும் கீழே. இட்லி மாவிலும் அதே கதைதான். மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. உங்களுக்குத் தெரியப்போவது அரிசி மாவுச்சத்தின் துகளும் காற்றுக் குமிழியும். "சார் புளுகிட்டார், ஒண்ணுமே இல்ல" என்ற நிலைமைக்குப் போகாமல் இருக்க, எது தெரியும் எது தெரியாது என்பதை ஒரு வரைபடமாகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: கன்னச் செல் சுமார் 60 மைக்ரான், சிவப்பணு 7, பாக்டீரியா 1, வைரஸ் அதற்கும் எவ்வளவோ கீழே. ஏன் தெரியவில்லை என்பதும் பாடம்தான்.

ஒற்றை உருண்டை லென்ஸ் என்பதால் நடுவில்தான் தெளிவு, ஓரம் மங்கும். கண்ணை லென்ஸோடு ஒட்டி வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்றித்தான் பார்க்க வேண்டும். என் வயதுக்கு மேல் போன ஆசிரியர்கள் போனை ஒட்டிப் பார்ப்பது உத்தமம். இரண்டு கட்டை விரலாலும் காகிதத்தைத் தள்ளித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், அது கைவர நேரமெடுக்கும். பிள்ளைகளுக்கு நம்மைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது. வெளிச்சத்தை நோக்கிப் பார்க்கச் சொன்னால் யாராவது ஒருவர் நேராகச் சூரியனைப் பார்க்கக் கிளம்புவார். இதை மட்டும் தயவுதாட்சண்யம் இல்லாமல் தடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், மேகமூட்டமான நாளில் போன் டார்ச்.

பத்தாம் வகுப்புக்கு மேல் செல் பிரிதல், திசு வெட்டுத் தோற்றம் எல்லாம் நடத்த வேண்டுமென்றால் 400 மடங்கு காட்டும் கூட்டு நுண்ணோக்கிதான் சரி. ஃபோல்ட்ஸ்கோப்பை அதற்கு மாற்றாக நினைத்து வாங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். காசே செலவழிக்காமல் செய்ய வேண்டுமா? லேசர் பேனாவும் ஊசியில்லாத சிரிஞ்சு முனையில் தொங்கும் குளத்துத் தண்ணீர்ச் சொட்டும் போதும்; இருட்டறைச் சுவரில் பெரிய பெரிய நிழல்கள் நீந்தும். வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் பார்க்கலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் சுவரில் ஓடுவதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஃபோல்ட்ஸ்கோப் போகும். சனி, ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை வரும் கேள்விகளில் தரமானவை பெரும்பாலும் அந்த வீட்டுக் கொல்லையில் பிறந்தவை.

விலை விஷயத்துக்கு வருவோம். ஒரு டாலருக்குள் நுண்ணோக்கி என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அது பாகங்களின் அடக்கச் செலவு. விற்கும் விலை அதைவிடக் கூடுதல். தகர டப்பாவில் விளக்கு, ஸ்லைடு, இடுக்கி எல்லாம் சேர்த்து வரும் தொகுப்புக்கு இன்னும் கூடுதல். பள்ளிக்கு அந்த டப்பா தேவையில்லை. வகுப்புக்கென்று மொத்தமாக வரும் சாதாரணத் தொகுப்பை வாங்குங்கள், ஒன்றின் விலை குறையும். நான்கு பேருக்கு ஒன்று என்பது என் கணக்கு. ஆளுக்கொன்று கொடுத்தால் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. "கை ஆடுது", "புள்ளி ஆடுது" என்ற சண்டையே நடந்திருக்காது.

பள்ளி மானியத்தில் வாங்கும்போது தலைமையாசிரியரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: இதை நுகர்பொருள் கணக்கில் எழுதச் சொல்லி. நிலையான சொத்தாக எழுதினால் இதுவும் பீரோவுக்குள் போய்விடும். மிச்சப் பணத்துக்குக் கண்ணாடி ஸ்லைடு, கவர் ஸ்லிப், அகலமான செல்லோ டேப், சொட்டுக் குழாய், அப்புறம் விலை குறைந்த நிறமில்லாத நெயில் பாலிஷ். இலையின் அடிப்பக்கம் பூசிக் காயவிட்டு, டேப்பால் உரித்து ஸ்லைடில் ஒட்டினால் இலைத்துளைகள் அச்சாக விழுந்திருக்கும், சாயம்கூட வேண்டாம். மேல்பக்கத்தையும் உரித்துப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை நீங்கள் சொல்லாதீர்கள்.